வாசகர் கேள்வி – பதில்: பேட்ஜ் அசல்தான், ஜாக்கெட் அசலா?

பெயர்பெற்ற நிறுவனங்களின் உடைகளை வாங்குவதற்கு முன் அவற்றின் பேட்ஜையும் லேபிளையும் எப்படிச் சோதிப்பது என்று இம்முறை உள்ளூரிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கல்லூரியில் சேர்ந்திருக்கும் என் மகன், பழைய உடைகள் விற்கும் செயலி ஒன்றில் ஸ்டோன் ஐலண்ட் ஜாக்கெட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். விற்பவர் கைப்பகுதியில் உள்ள பேட்ஜை மிக அருகில் படம் எடுத்து அனுப்பி, "பேட்ஜைப் பாருங்கள், அசல் என்று உங்களுக்கே தெரியும்" என்கிறார். இதை நம்பிப் பணம் அனுப்பலாமா?
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

பதில்: அனுப்ப வேண்டாம்; குறைந்தபட்சம், அந்த ஒரு படத்தை நம்பி அனுப்ப வேண்டாம். மாசிமோ ஓஸ்தி என்ற வடிவமைப்பாளர் 1982-இல் இத்தாலியின் ரவரீனோவில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் அடையாளமே இடது கையில் இருக்கும் திசைகாட்டி பேட்ஜ்தான் என்றாலும், அது உடையோடு சேர்த்துத் தைக்கப்படுவதில்லை; இரண்டு பொத்தான்களால் மாட்டப்பட்டிருக்கிறது. துவைக்கும்போது கழற்றி வைக்க வசதியான இந்த ஏற்பாடு, ஏமாற்றுபவருக்கும் அதே அளவு வசதியானது. கிழிந்துபோன அசல் ஜாக்கெட்டிலிருந்து கழற்றிய பேட்ஜ், கூட்டத்தில் யாரோ ஒருவருடைய கையிலிருந்து பறித்த பேட்ஜ் என அசல் பேட்ஜ்கள் தனியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிப் போலி ஜாக்கெட்டில் மாட்டிவிட்டால், பேட்ஜின் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது சொல்லும் உண்மை பேட்ஜைப் பற்றியது மட்டுமே. உடையில் மிக எளிதாக இடம் மாறக்கூடிய பகுதி எதுவோ, அதையே விற்பவர் சான்றாகக் காட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே பேட்ஜைப் பார்க்கும்போது "இது அசலா" என்று கேட்பதோடு, "இது இந்த ஜாக்கெட்டுக்கு உரியதா" என்றும் கேட்க வேண்டும். 1990-களின் இறுதி வரை வந்த பேட்ஜ்களின் ஓரம் பச்சை நூலால் முடிக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்தவற்றில் அந்தப் பச்சை ஓரம் இல்லை. பழைய சேகரிப்பாளர்களிடையே பச்சை ஓரப் பேட்ஜுக்கு மதிப்பு அதிகம் என்பதால், 2015-க்குப் பிறகு தைத்த ஜாக்கெட்டில் அது மாட்டப்பட்டிருந்தால் விற்பவர் அதைச் சிறப்பாகச் சொல்லிக் காட்டக்கூடும். உண்மையில் அது எச்சரிக்கை மணி. கறுப்புத் தளத்தில் பச்சை, மஞ்சள் நிறங்களில் நெய்த பேட்ஜ்தான் வழக்கமானது என்றாலும், உடையின் நிறத்திலேயே பேட்ஜும் அமைந்த 'கோஸ்ட்' வரிசை போன்றவையும் உண்டு. எனவே ஒரே நிறப் பேட்ஜைக் கண்டதும் போலி என்று தள்ளிவிடவும் கூடாது.

பேட்ஜைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நல்ல நெசவில் பின்பக்க நூல்கள் ஒழுங்காக இருக்கும். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தடிமன் சீராக இருக்கும். பொத்தான் துளைகள் பிசிறில்லாமல் முடிக்கப்பட்டிருக்கும். பொத்தானிலும் நிறுவனத்தின் பெயர் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கும். மலிவான போலிகள் இந்த இடத்திலேயே அகப்பட்டுவிடும். விலை கூடிய போலிகள் அகப்படா. அவற்றுக்கு ஜாக்கெட்டின் உள்பக்கத்துக்குப் போக வேண்டும்.

உள்ளே துவைக்கும் முறை அச்சிட்ட லேபிளில் ஒரு நீண்ட பொருள் எண் இருக்கும். பல ஆண்டுகளாக வந்த உடைகளில் அதன் முதல் இரண்டு இலக்கங்கள் எந்தப் பருவத்துக்காகத் தைத்த உடை என்பதையும், அடுத்து வரும் 15 இந்த நிறுவனத்தையும் குறிக்கும். 61 என்று தொடங்கினால் அது 2014-15 குளிர்காலத்துக்கு உரியது. 73 என்றால் 2020-21 குளிர்காலம். இரட்டைப்படை எண்கள் வசந்த, கோடைப் பருவங்களுக்கு உரியவை. எண்ணின் இறுதிப் பகுதியில் நிறக் குறியீடு வரும். எடுத்துக்காட்டாக, வி0029 என்பது கறுப்பு. லேபிளில் அந்தக் குறியீடு இருக்க, ஜாக்கெட் கருநீலமாக இருந்தால், அந்த லேபிளோ எண்ணோ வேறோர் உடையிலிருந்து எடுக்கப்பட்டது என்று சந்தேகிக்க இடமுண்டு. முழு எண்ணையும் இணையத்தில் தேடி, அதே எண்ணில் நம்பகமான கடைகள் விற்ற உடையின் படத்தோடு தையல் கோடு, பையின் வாய், கழுத்துப்பட்டியின் அமைப்பு ஆகியவற்றை ஒப்பிடுங்கள். போலி செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே எண்ணைப் பல மாதிரிகளுக்கும் அச்சிட்டுவிடுவதால், எண் ஓர் உடையையும் கையிலிருப்பது வேறோர் உடையையும் காட்டும்.

துணியையும் பாருங்கள். துணியாக இருக்கும்போது சாயம் ஏற்றாமல், தைத்து முடித்த உடையைச் சாயத் தொட்டியில் இறக்குவது இந்த நிறுவனத்தின் தனிச்சிறப்பு. அப்படிச் சாயம் ஏறிய உடையில் தையல் ஓரங்கள் மெல்லச் சுருங்கி, மடிப்புகளில் நிறம் சற்று ஏறியும் இறங்கியும் தெரியும். எல்லா மாதிரிகளுக்கும் இது பொருந்தாது. ஆனால் அப்படிச் சாயமேற்றியதாகச் சொல்லப்படும் உடை துளியும் நிறம் மாறாமல் தட்டையாக இருந்தால், பேட்ஜ் எவ்வளவு அழகாக இருந்தாலும் விலகிவிடுவதே நல்லது.

பேட்ஜைக் கழற்றிய நிலையில் கைப்பகுதி, பேட்ஜின் இரு பக்கங்கள், லேபிளின் இரு பக்கங்கள், ஜிப்பின் தலை ஆகியவற்றை, அன்றைய தேதி எழுதிய ஒரு தாளோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உடை உண்மையிலேயே தன் கையில் இருக்கும் விற்பனையாளருக்கு இது சில நிமிட வேலை. சாக்குச் சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

கேள்வி: மேலே கேட்டது போன்ற ஒரு ஜாக்கெட்டுக்கு விற்பவர், உடை அசலா என்று சோதிக்கும் செர்டிலோகோ என்ற இணையதளத்தில் 'அசல்' என்று வந்த முடிவைத் திரையிலிருந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: அந்தச் சோதனையை நீங்களே செய்ய வேண்டும். 2014-15 குளிர்காலப் பருவத்திலிருந்து ஸ்டோன் ஐலண்ட் உடைகளின் உள் லேபிளில் 12 இலக்கக் குறியீடு ஒன்றும் கியூஆர் கட்டமும் இடம்பெறுகின்றன. ஓர் அசல் உடையின் குறியீட்டைப் பார்த்து அதையே நூற்றுக்கணக்கான போலி லேபிள்களில் அச்சிட முடியும் என்பதால், குறியீடு சரி என்பதாலேயே உடை சரியாகிவிடாது. இதனால்தான் அந்தத் தளம் குறியீட்டை வாங்கிக்கொண்டதோடு நிற்காமல் உடையைப் பற்றியும் வாங்கிய இடத்தைப் பற்றியும் கேள்விகள் கேட்கிறது; ஒரே குறியீடு வெவ்வேறு ஊர்களிலிருந்து ஓயாமல் சோதிக்கப்பட்டால் அதையும் கணக்கில் எடுக்கிறது. திரையில் வந்த முடிவின் படமோ வேறொருவருடையதாக இருக்கலாம், திருத்தியதாகவும் இருக்கலாம். போலி லேபிளில் உள்ள கியூஆர் கட்டம் அசலைப் போலவே தோன்றும் பொய்த் தளத்துக்கும் கொண்டுபோகலாம் என்பதால், அதை ஸ்கேன் செய்வதைவிடத் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து 12 இலக்கங்களையும் உள்ளிடுங்கள். 1990-களின் ஜாக்கெட் என்று சொல்லிக்கொண்டு யாராவது இந்தக் குறியீட்டைக் காட்டினால், சோதிக்கவே தேவையில்லை.

கேள்வி: குளிர்காலம் வருகிறது. கனடா கூஸ் ஜாக்கெட் மூன்றில் ஒரு பங்கு விலைக்கு இணையத்தில் கிடைக்கிறது. கையில் உள்ள வட்ட பேட்ஜ் அசலைப் போலவே இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகி, ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: இந்த பேட்ஜ் தைக்கப்பட்டது என்பதால் மேலே சொன்ன கழற்றி மாட்டும் வேலை இங்கே அவ்வளவு எளிதன்று, ஆனால் பேட்ஜையே போலியாக நெய்துவிடுகிறார்கள். வட துருவப் பகுதியின் வரைபடத்தையும் அதைச் சுற்றியுள்ள மேப்பிள் இலைகளையும் உற்றுப் பாருங்கள். நிலப்பகுதிகளின் ஓரங்கள் மழுங்கியிருந்தாலோ, இலைகளின் முனைகள் தனித்தனியாகத் தெரியாமல் பூப்போல உருண்டிருந்தாலோ அது போலி. 2011 முதல் தைத்த ஜாக்கெட்டுகளின் உள் தையலில் பனிக்கரடி உருவம் கொண்ட ஹோலோகிராம் பட்டை ஒன்று தைக்கப்பட்டிருக்கும். சாய்த்துப் பார்க்கும்போது அது மாற வேண்டும். பளபளக்கும் வெறும் ஒட்டுத்தாள் அதற்கு ஈடாகாது. இறகு நிரப்பிய ஜாக்கெட்டுகளைக் கனடாவிலேயே தைப்பதை நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. ஆகவே உள் லேபிளில் வேறு நாட்டின் பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2022-க்குப் பிறகு உண்மையான விலங்கு ரோமம் வைத்துத் தைப்பதையும் நிறுவனம் கைவிட்டுவிட்டதால், "இந்த ஆண்டின் புதிய வரவு" என்று ரோமத் தொப்பியோடு விற்கப்படுவதும் பொருந்தாக் கணக்கு.

உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் உறுத்துவது பேட்ஜைவிட விலையும் தளமும்தான். ஒரு தளம் தன் பெயரைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறதா என்று சரிபார்க்க, முகவரியை உள்ளிட்டுப் பார்க்கும் வசதியை கனடா கூஸ் தன் தளத்தில் தந்திருக்கிறது. அதை முதலில் செய்யுங்கள். போலி ஜாக்கெட்டில் பணம் மட்டும் போவதில்லை. சரியாகச் சுத்தம் செய்யாத இறகுத் தூளோ வேறு கழிவோ உள்ளே அடைத்திருக்கக்கூடும் என்பதால், உறைகுளிரில் அது உடல் வெப்பத்தைத் தக்கவைக்காது என்பதோடு உடலுக்கும் நல்லதன்று.

கேள்வி: என்னிடம் உள்ள டி-ஷர்ட்டில் முதலை இடப்பக்கம் பார்க்கிறது, நண்பருடையதில் வலப்பக்கம் பார்க்கிறது. என்னுடையது போலி என்று அவர் சிரிக்கிறார். உண்மையா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சிரிப்பதற்கு முன் அவர் கழுத்து லேபிளைப் படித்திருக்கலாம். வலப்பக்கம் பார்க்கும் முதலை, டென்னிஸ் வீரர் ரெனே லக்கோஸ்ட் 1933-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்துடையது. இடப்பக்கம் பார்க்கும் முதலை, 1940-களில் சிங்கப்பூரில் தோன்றிய 'குரோக்கடைல்' என்ற தனி நிறுவனத்துடையது. இந்தியாவில் அதை உரிமம் பெற்று விற்று வந்தது உங்களுக்கு அருகிலுள்ள அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் குழுமம். இரு முதலைகளுக்கும் இடையே பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. 2001-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கில், எழுத்தில்லாமல் முதலை உருவத்தை மட்டும் தனியாகப் பயன்படுத்துவது லக்கோஸ்ட்டின் உரிமையை மீறுவதாகத் தனி நீதிபதி 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். இது இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான உரிமைச் சண்டை. உங்கள் உடையின் லேபிளும் குரோக்கடைல் நிறுவனத்துடையதாக இருந்தால், அதை நீங்கள் கள்ளச் சந்தையில் வாங்கியதாக ஆகாது. ஆனால் கழுத்து லேபிளில் லக்கோஸ்ட் என்றும் மார்பில் இடப்பக்கம் பார்க்கும் முதலையும் இருந்தால், அது இரண்டில் எதுவுமன்று.

நண்பருடைய முதலையையும் சோதிக்க விரும்பினால், சட்டையை உள்பக்கம் திருப்புங்கள். லக்கோஸ்ட்டின் வழக்கமான பருத்தி போலோ சட்டையில் முதலை தனித் துணித் துண்டாகச் செய்யப்பட்டு, ஓரத்தில் மெல்லிய நூலால் பொருத்தப்பட்டிருக்கும். உள்பக்கம் முதலையின் எல்லைக் கோடு லேசாகத் தெரியும், அவ்வளவுதான். உள்பக்கம் முழுவதும் பச்சை நூல் அடர்ந்து, காகிதம் போன்ற ஒரு தாளும் ஒட்டிக்கொண்டிருந்தால், சட்டையின் மேலேயே எம்பிராய்டரி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். முதலை அச்சாகவும் ஒரே நிறத்திலும் வரும் வேறு வரிசைகளும் அந்த நிறுவனத்துக்கு உண்டு என்பதால், இந்தச் சோதனையை வழக்கமான போலோ சட்டைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போலோ சட்டையின் சின்னத்தில் குதிரை வீரர் ஒருவர் இருந்தால் அசல், இருவர் இருந்தால் போலி என்கிறார்களே?
– ஒரு வாசகர், கொழும்பு

பதில்: தவறு. ஒரே வீரர் ரால்ஃப் லாரனின் சின்னம். இரண்டு குதிரை வீரர்கள், 1890-இல் தொடங்கிய அமெரிக்கப் போலோ சங்கத்தின் உரிமத்தோடு விற்கப்படும் யு.எஸ். போலோ அசோசியேஷன் உடைகளின் சின்னம். இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள், வெவ்வேறு விலைகள். ஒன்றை மற்றொன்று என்று சொல்லி விற்றால் மட்டுமே அது ஏமாற்று.

கேள்வி: 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்' (ஏற்றுமதியில் மிஞ்சியது) என்று விற்கப்படும் உடைகளில் வெளிநாட்டு நிறுவனங்களின் பேட்ஜும் லேபிளும் அப்படியே இருக்கின்றன. திருப்பூரில் அந்த நிறுவனங்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் இவை அசல்தானே?
– ஒரு வாசகி, தாம்பரம், சென்னை

பதில்: கேள்வியின் முதல் பாதி சரி, அதிலிருந்து இரண்டாம் பாதி தானாக வந்துவிடாது. திருப்பூரில் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகத் தைப்பது உண்மை, தைத்ததில் ஒரு பகுதி நிராகரிக்கப்படுவதும் உண்மை, அது உள்ளூர்ச் சந்தைக்கு வருவதும் உண்மை. ஆனால் ஆர்டர் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் லேபிளையும் பேட்ஜையும் எண்ணிக் கொடுத்து, மிஞ்சியதற்குக் கணக்குக் கேட்பதும், நிராகரித்த உடையைத் தங்கள் பெயரோடு வெளியில் விற்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுவதும் இந்தத் தொழிலில் வழக்கம். அதனால் முறையாக வெளியே வரும் மிச்ச உடையின் கழுத்து லேபிள் பெரும்பாலும் வெட்டப்பட்டோ, மையால் கோடு இழுக்கப்பட்டோ இருக்கும். வெட்டிய லேபிளோடு குவியலில் கிடக்கும் பனியன், பளபளப்பான உறையும் தொங்கும் விலை அட்டையும் பேட்ஜும் ஒன்று குறையாமல் வரும் பனியனைவிட நேர்மையானதாக இருக்க வாய்ப்பு அதிகம். நிராகரிக்கப்பட்ட உடையாக இருந்தால், கறை, தையல் விலகல், நிற வேறுபாடு, அளவுப் பிழை என நிராகரித்ததற்கு ஏதேனும் ஒரு காரணமும் அதில் இருக்க வேண்டும். எந்தக் குறையும் இல்லாமல், எல்லா அளவுகளிலும், எல்லா நிறங்களிலும், வாரந்தோறும் புதிது புதிதாக வந்துகொண்டே இருப்பதை மிச்சம் என்று அழைக்க முடியுமா என்று நீங்களே யோசியுங்கள்.

அமெரிக்காவுக்காகத் தைத்த உடையில் மற்றொரு சோதனையும் உண்டு. லேபிளில் பெரும்பாலும் 'ஆர்.என்.' என்ற எழுத்துகளும் அவற்றையடுத்து ஓர் எண்ணும் இருக்கும். அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் நிறுவனங்களுக்கு ஒதுக்கும் பதிவெண் அது. எந்த எண் எந்த நிறுவனத்துக்கு உரியது என்பதை ஆணையத்தின் தளத்தில் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பேட்ஜ் ஒரு நிறுவனத்தையும் பதிவெண் அதற்குத் தொடர்பில்லாத இன்னொரு நிறுவனத்தையும் காட்டினால் கேள்வி எழுகிறது. எண் பொருந்தினால் அது சாதகமான சான்றுதான், முடிவான சான்றன்று. எண்ணையும் பார்த்து எழுதிவிட முடியும்.

'ஃபர்ஸ்ட் காப்பி' என்ற பெயரில் விற்கப்படுவதைப் பற்றியும் நீங்கள் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அதில் முதல் தரம், இரண்டாம் தரம் எல்லாம் விலைக்காகச் சொல்வது; சட்டத்தின் பார்வையில் எல்லாமே போலிதான்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய உடை போலி என்று இப்போது தெரிகிறது. பணத்தைத் திரும்பப் பெற என்ன செய்யலாம்? பிடிக்கவில்லை என்று வேறொருவருக்கு விற்றுவிடலாமா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டாவது யோசனையை முதலில் கைவிடுங்கள். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 104-ஆம் பிரிவு, போலிச் சின்னம் கொண்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தெரியாமல் வாங்கி அணிந்தவரை அந்தப் பிரிவு தொடாது. போலி என்று தெரிந்த பிறகு அசல் என்று சொல்லி விற்பவர் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார்.

பணத்தைப் பெற, உடையின் லேபிளை வெட்டாமல், துவைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, விற்பனைப் பக்கத்தில் அசல் என்று எழுதியிருந்த விவரம், ரசீது, விற்பவருடன் நடந்த உரையாடல் ஆகியவற்றைச் சேமியுங்கள். அந்தப் பக்கம் எந்த நேரத்திலும் நீக்கப்படலாம் என்பதால் இதை முதலில் செய்ய வேண்டும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் உங்கள் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே தொலைபேசியில் சொல்லி முடிக்காமல் எழுத்தில் புகார் கொடுங்கள். கார்டில் பணம் செலுத்தியிருந்தால் வங்கியிடமும் அதே நாளில் எழுத்தில் முறையிடுங்கள். அதற்கான கால வரம்பு குறுகியது. தளம் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும்பட்சத்தில் கட்டணமின்றி, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் பதிவு செய்யலாம்.

லண்டனிலிருந்தும் லெஸ்டரிலிருந்தும் எழுதியவர்களுக்கும் இது தொடர்பாக ஒரு செய்தி. பிரிட்டனில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், விவரித்தபடி இல்லாத பொருளை 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கும் உரிமையை, வியாபாரியிடம் வாங்கியவருக்குத் தருகிறது. தனிநபரிடம் வாங்கும்போது அந்த 30 நாள் உரிமை இல்லை; பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும் என்ற கடமை மட்டும் விற்பவருக்கு உண்டு. ஆகவே ஈஸ்ட் ஹாம் வாசகி ஜாக்கெட்டை வாங்குவதென்று முடிவுசெய்தால், "அசல் ஸ்டோன் ஐலண்ட்" என்ற சொற்களை விற்பவரே செயலியின் உரையாடலில் எழுதித் தரச் செய்து, செயலிக்கு வெளியே வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பாமல், செயலியின் வாங்குபவர் பாதுகாப்பு உள்ள வழியிலேயே செலுத்த வேண்டும்.